திருகோணமலையில் தனியாகச் சட்டத்தரணி வேலை: மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கும்?

புதுக்கோட்டு | திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தேன். பிறகு சட்டக் கல்லூரிப் பரீட்சைகள், ஒரு சீனியரிடம் ஆறு மாதப் பயிற்சி, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். அது முடிந்து பதினொரு மாதம் ஆகிறது. இன்னும் அதே சீனியருடன் திருகோணமலை நீதிமன்றத்தில்தான் நிற்கிறேன். சேர் நல்லவர், வேலை சொல்லித் தருகிறார். காசு என்று வந்தால் மாதம் 15,000 ரூபா, நல்ல மாதம் என்றால் 30,000. உப்புவெளியில் இருந்து வந்து போகும் ஸ்கூட்டிக்குப் பெற்றோல், மத்தியானச் சாப்பாடு, கோட்டுச் சலவை எல்லாம் போக அம்மா கையில் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. நொத்தாரிசு அனுமதி, அதாவது உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் அதிகாரம், இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. இதுவரை ஒரு உறுதிகூட (காணிப் பத்திரம்) எழுதவில்லை.

கொழும்பில் ஒரு நிதி நிறுவனத்தில் சட்ட அலுவலர் வேலை வந்திருக்கிறது. 110,000 ரூபா, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) தனி. இருபதாம் திகதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவைத் தனியே விட்டுப்போக மனமில்லை. சீனியரை விட்டு விலகி இங்கேயே தனியாக ஓபிஸ் போட்டால் பிழைக்க முடியுமா? வீட்டில் கேட்டால் "லோயர் என்றால் காசுதானே" என்கிறார்கள். உள்ளபடி கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முன்னாள்ஜூனியர் | திங்கள், இரவு 9.31

வேலையை எடுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் மூன்றரை வருடம் திருமலையில் ஜூனியராக நின்றேன். முப்பத்தொரு வயதில் அப்பாவிடம் பெற்றோலுக்குக் காசு கேட்ட ஆள் நான். இப்போது கொழும்பில் வங்கியொன்றில் இருக்கிறேன். மாதம் 25ஆம் திகதி போன் "டிங்" என்கிறது. அந்தச் சத்தம் தரும் நிம்மதி ஒரு தீர்ப்பும் தந்ததில்லை.

பழையகோப்பு | திங்கள், இரவு 10.48

பிள்ளை, இருபத்து மூன்று வருடமாக இதே நீதிமன்றத்தில் நிற்கிறேன். கணக்குத்தானே கேட்டீர்கள், என் கணக்கையே சொல்கிறேன்.

தனியாகப் போன முதல் வருடம் ஒரு மேசையை இன்னொருவருடன் பங்கு போட்டேன். இன்றைய விலைக்குச் சொன்னால் அறை வாடகையில் பாதி 12,000 ரூபா, மின்சாரம், போன், இன்டர்நெட் 7,000, பேப்பர், பிரிண்டர் மை, போட்டோக்கொப்பி இன்னுமொரு 8,000. கிளார்க் வைத்தால் 35,000க்குக் குறைந்து நல்ல ஆள் வரமாட்டார். ஆகவே முதல் இரண்டு வருடம் கிளார்க் வேண்டாம். நீங்களே காணிப் பதிவகத்துக்கு நடவுங்கள். அது அவமானம் இல்லை. எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அந்த நடையில்தான்.

இனி வரவு. நீதவான் நீதிமன்றத்தில் ஒரு பிணை விண்ணப்பம், ஒரு தவணைக்கு எழுந்து நிற்பது என்றால் புதியவருக்கு 3,000, 5,000. கட்சிக்காரர் மீன்பிடிக்காரர் என்றால் ஒரு பாரை மீனும் வரும். மாதம் இருபது தடவை எழுந்தால் 70,000 வரும் போலத் தெரியும். அதில் மூன்றில் ஒரு பங்கு "அடுத்த தவணைக்குத் தாறன் ஐயா" என்று நிற்கும். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் நீதிமன்ற விடுமுறையில் அந்தத் தொகையும் சுருங்கும். முதல் இரண்டு வருடம் செலவு போகக் கையில் 20,000 நின்றாலே நன்றாகச் செய்தீர்கள் என்று சொல்வேன்.

மாறுவது எங்கே என்றால் உறுதியில். வழக்கு பேசி நான் சாப்பிட்டேன், உறுதி எழுதித்தான் வீடு கட்டினேன். இதை இளம் பிள்ளைகள் நம்புவதில்லை. எல்லோருக்கும் மேல் நீதிமன்றத்தில் கொலை வழக்குப் பேச ஆசை.

உறுதி என்றால் ரப்பர் முத்திரை குத்துவது என்று நினைக்க வேண்டாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் இருந்து கையொப்பம் நடக்காவிட்டால் அந்தக் காகிதத்தால் காணி கைமாறாது. உறுதி மூன்று பிரதி. மூலம் பதிவாகிக் கட்சிக்காரருக்கு, இரண்டாம் பிரதி பதிவாளருக்கு, மூன்றாவது உங்கள் அலுமாரிக்கு. மாதம் முழுக்க எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதியையும் பட்டியலையும் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்தில் கொடுத்துவிட வேண்டும். என் வீட்டில் 14ஆம் திகதி இரவு எவரும் என்னுடன் கதைக்கமாட்டார்கள்.

கட்டணம் பெரும்பாலும் பெறுமதியின் நூற்றுக்கு ஒன்று. பேரம் பேசிக் குறைப்பார்கள். மாதம் நான்கு நல்ல உறுதி வந்தால் கொழும்புச் சம்பளத்தைத் தாண்டலாம். ஆனால் அந்த நான்கு வரும் நிலைக்கு ஆட்கள் உங்களை நம்ப ஐந்து வருடம் போகும்.

நிலாவெளிக்காணிக்காரன் | செவ்வாய், காலை 6.20

உறுதி எழுதித்தான் வீடு கட்டினேன் என்று ஐயாவே ஒத்துக்கொண்டார், மகிழ்ச்சி. நான் வாங்கிய காணி 50 லட்சம். லோயர் ஒரே தடவையில் இரண்டரை லட்சம் வாங்கினார். துண்டு ஒன்றும் தரவில்லை. நாலு பக்கம் டைப் அடிக்க இரண்டரை லட்சமா? பிறகு புதிய லோயர்மார் வருமானம் இல்லை என்று அழுகிறீர்கள்.

பழையகோப்பு | செவ்வாய், காலை 7.02

தம்பி, கோபம் நியாயம், கணக்குப் பிழை. விற்பனை உறுதிக்கு முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிச்சத்துக்கு நூற்றுக்கு 4. உங்கள் 50 லட்சத்துக்கு 3,000 சக 196,000. ஆக 199,000 ரூபா மாகாண சபைக்குப் போனது. மிச்சம் 51,000. அதில் தேடல் (பதிவகத்தில் பழைய உறுதிகளைப் பார்ப்பது), பதிவுக் கட்டணம் போகத்தான் அவருடைய கூலி. இதை ஒரு துண்டில் எழுதித் தராதது அவருடைய பிழைதான், அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை.

புதுக்கோட்டு, இதைப் பார்த்தீர்களா? தீர்வை வேறு, பதிவுச் செலவு வேறு, என் கூலி வேறு என்று முதல் நாளே மூன்று வரியில் எழுதிக் கொடுங்கள். தீர்வைக் காசை உங்கள் கையால் வாங்காமல் வங்கியில் அவரையே கட்டச் சொல்லுங்கள். ஊரில் பெயர் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நிலாவெளிக்காணிக்காரன் | செவ்வாய், காலை 7.15

199,000 கதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சரி ஐயா.

ஆற்றங்கரை | செவ்வாய், மதியம் 1.40

தங்கச்சி, நான் கிண்ணியா. ஒன்பது வருடமாகத் தனியாகச் செய்கிறேன். பழையகோப்பு சேர் சொன்னதில் பாதி ஆண்களின் கணக்கு.

பெண் லோயரிடம் முதலில் உறுதி வராது. காணி என்றால் குடும்பத்து ஆண்கள் "பெரிய சேர்" ஒருவரைத்தான் தேடுவார்கள். எனக்கு முதலில் வந்தது தாபரிப்பு (ஜீவனாம்ச) வழக்கு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்தில் போடுவது. கைக்குழந்தையோடு வருகிற பெண்ணிடம் எவ்வளவு கேட்பது? 2,000 கேட்டால் 500 தருவார். சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, அங்கே போங்கள் என்று அனுப்பினாலும் "இல்ல ராத்தா, நீங்களே செய்யுங்க" என்று திரும்பி வருவார்.

எங்கள் பக்கம் இன்னொன்றும் இருக்கிறது. முஸ்லிம் விவாகரத்து காதி நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே சட்டத்தரணி எழுந்து நிற்கச் சட்டம் இடம் தருவதில்லை. சின்னக் காசுப் பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகும், அங்கும் எங்களுக்கு இடமில்லை. வேறு ஊரில் ஜூனியர் கை பழகும் வேலையில் ஒரு பகுதி இங்கே கதவுக்கு வெளியே நிற்கிறது. காதி கட்டளையிட்ட தாபரிப்பைக் கணவன் கட்டாதபோதுதான் அது நீதவானிடம் வரும், அப்போதுதான் எங்களிடமும் வரும்.

ஆனால் கேளுங்கள். நான் தாபரிப்பு வாங்கிக் கொடுத்த ஒரு பெண் ஆறு வருடம் கழித்து வெளிநாட்டில் உழைத்த காசோடு வந்து காணி வாங்கினார். உறுதியை என்னிடம்தான் எழுதினார். பிறகு அவருடைய உம்மா, சாச்சி, பக்கத்து வீடு என்று வந்தார்கள். இப்போது மாதம் இரண்டு மூன்று உறுதி வருகிறது, முக்கால்வாசி பெண்கள் பெயரில். ஆண் லோயரின் அறையில் சொல்லக் கூச்சப்படுகிற விஷயம் எவ்வளவோ இருக்கிறது. போன வருடம் என் கையில் நின்றது, எல்லாச் செலவும் போக, சராசரி மாதம் 140,000. முதல் மூன்று வருடம் 20,000கூட இல்லை. என் கணவர் வாத்தியார், அவருடைய சம்பளம் வீட்டைத் தாங்கியது. இதை மறைத்தால் நான் பொய் சொன்னதாகும்.

முன்னாள்ஜூனியர் | செவ்வாய், மதியம் 2.10

அதுதான் விஷயம். ராத்தாவுக்கு வாத்தியார் கணவர். பழையகோப்பு அண்ணைக்கு, நான் அறிய, சீதனக் காணி. வீட்டில் இன்னொரு வருமானம் இல்லாதவர் எப்படி அந்த ஐந்து வருடத்தைத் தாண்டுவது? திறமை என்று எல்லோரும் சொல்வது அரைவாசி வீட்டுக் காசு.

பழையகோப்பு | செவ்வாய், இரவு 8.30

சீதனக் காணி இல்லை தம்பி, மனைவி கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கிளார்க். மற்றபடி நீங்கள் சொன்னது சரி. மறுக்க ஒன்றுமில்லை.

கனடாத்தம்பி | புதன், அதிகாலை 3.55

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஸ்காபரோவில் இருக்கிறேன், பிறந்தது திருமலை. நிலாவெளியில் கடற்கரைப் பக்கம் ஒரு காணி வாங்க வேண்டும். லோயர் கட்டணம் எவ்வளவு வரும்? அற்றோணித் தத்துவம் (எனக்காகக் கையொப்பமிட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரம்) அனுப்பினால் போதுமா?

ஆற்றங்கரை | புதன், காலை 8.05

முதல் கேள்வி கட்டணம் இல்லை. நீங்கள் இப்போது இலங்கைப் பிரசையா? கனடாக் குடியுரிமை எடுத்து, இரட்டைக் குடியுரிமை எடுக்காமல் விட்டவர் என்றால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கும். வெளிநாட்டவர் பெயருக்குக் காணி மாற்ற முடியாது. முதலில் இரட்டைக் குடியுரிமை, அப்புறம் காணி. விற்பவரிடம் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

தங்கச்சி, நான் இந்தப் பதிலை இலவசமாக எழுதிவிட்டேன் பாருங்கள். இதுவும் தனியாகச் செய்கிறவரின் வருமானக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை. வாட்ஸ்அப்பில் மட்டும் நாளுக்குப் பத்து வரும்.

கனடாத்தம்பி | புதன், காலை 8.20

ஐயோ, அட்வான்ஸ் கொடுத்தாச்சு அக்கா.

ஆற்றங்கரை | புதன், காலை 8.22

தனியே மெசேஜ் போடுங்கள். இந்த முறை கட்டணம் உண்டு.

தம்பலகாமத்தான் | புதன், மாலை 5.15

ஆறு வருடமாக நீதிமன்றத்தில் நிற்கிறேன். எவரும் சொல்லாத ஒன்று: திருகோணமலை மாவட்டத்தில் தமிழ் மட்டும் தெரிந்தால் உங்கள் சந்தையில் ஒரு பகுதியை நீங்களே மூடிவிட்டீர்கள். எனக்கு வரும் பி அறிக்கைகளில் (பொலிஸ் நீதவானுக்குக் கொடுப்பவை) நிறைய சிங்களத்தில் எழுதியவை. கந்தளாய், சேருவில பக்கத்துக் கட்சிக்காரர் சிங்களத்தில்தான் கதைப்பார். மேன்முறையீடு கொழும்புக்குப் போனால் தமிழ்ப் பதிவேட்டை மொழிபெயர்க்க வேண்டும், அதற்கு இங்கே ஆள் குறைவு. நான் மூன்று மொழியிலும் சமாளிப்பேன். என் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு மற்ற லோயர்மாருக்காகப் பார்த்துக் கொடுக்கும் கோப்புகளில் இருந்துதான்.

அப்புறம் 66ஆம் பிரிவு. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்றச் சட்டம். எல்லைச் சண்டையால் அடிதடி வரும் என்று பொலிஸ் அறிக்கை போட்டாலும் சரி, கட்சிக்காரரே போட்டாலும் சரி, நீதிமன்றம் பார்ப்பது யார் சொந்தக்காரர் என்பதை இல்லை. அறிக்கை போட்ட அன்றைக்குக் காணி யார் கையில் இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாரையாவது காணியை விட்டுப் பிடித்துத் தள்ளினார்களா என்பதைத்தான். பெரும்பாலும் சத்தியக்கடதாசியிலேயே (சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் சாட்சியம்) முடியும், வருடக்கணக்கில் இழுக்காது. ஒரு வழக்குக்கு 40,000, 50,000 பேசி வாங்கலாம். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் ஹோட்டல் வரத் தொடங்கியதில் இருந்து இந்த வழக்குக்குக் குறைவில்லை. புதியவர் கை வைக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

பழையகோப்பு | புதன், இரவு 9.20

தம்பலகாமத்தான் சொன்னது பொன்னான பேச்சு. காணியைப் பற்றி இன்னும் இரண்டு சொல்ல விடுங்கள், என் பலவீனம் அது.

இந்த மாவட்டத்துக் காணி மற்ற இடத்துக் காணி போல இல்லை. ஒரு பக்கம் 1935இன் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி. அதைச் சாதாரண உறுதியில் விற்க முடியாது. ஆனால் விற்றதாகக் காகிதம் வைத்திருப்பவர் ஊருக்குப் பத்துப் பேர். இன்னொரு பக்கம் இடம்பெயர்ந்தவர்களின் காணி. சம்பூர்க்காரர் 2006இல் எழும்பிப் போய் ஒன்பது பத்து வருடம் கழித்துத்தான் திரும்ப முடிந்தது. பத்து வருடம் எதிரிடையாக ஆண்டால் காணி அவனுக்கு என்கிற பழைய காலவதிச் சட்டத்தை அப்படியே வைத்தால், உயிருக்குப் பயந்து ஓடினவன் காணியை இழப்பான். அதற்காகத்தான் 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் இருந்து கழிக்க வழி செய்தது. அந்த நேரம் தாக்கலான இரண்டு வழக்கு இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. ஒன்றில் வழக்காளி இறந்து இப்போது மகள் நடத்துகிறார். கட்டணம் அப்பா காலத்தில் பேசியது. அதைக் கூட்டிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதையும் உங்கள் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உறுதி எழுத உட்காரும்போது மனைவி பெயரில் காணி என்றால், அவர்கள் யாழ்ப்பாண வழியா என்று கேளுங்கள். தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) பொருந்தும் என்றால் கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் மனைவி தன் காணியை விற்க முடியாது. திருமலையில் பிறந்தவர்தானே என்று நான் ஒருமுறை கேட்காமல் விட்டேன். திருத்த உறுதி, வாங்கினவரின் கோபம், கணவரின் வீட்டுக்கு மூன்று தடவை நடை, கையில் இருந்து 28,000. ஆற்றங்கரை சொன்னது போல ஆண்களின் கணக்கில் இப்படிச் சில பிழைகள் உண்டு.

கச்சேரியடி | வியாழன், காலை 10.10

எங்கள் தாத்தா இன்னும் "பிரக்கிராசி" (கோப்புப் பார்ப்பவர்), "அப்புக்காத்து" (நீதிமன்றத்தில் பேசுபவர்) என்றுதான் சொல்வார். 1973இன் 44ஆம் இலக்கச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கி எல்லோரும் சட்டத்தரணி என்று ஆக்கி ஐம்பது வருடம் கடந்துவிட்டது. ஆனால் குடியியல் வழக்கில் புரொக்சி (கட்சிக்காரர் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) போட்ட பதிவுச் சட்டத்தரணி ஒருவர், பேசுவதற்குக் கொழும்பில் இருந்து ஒருவர் என்ற பிரிவு அப்படியேதான். பேச வருகிறவருக்கு இரவு ரயில், ஹோட்டல், ஒரு நாளுக்கு ஒரு லட்சம். கோப்பு முழுக்கச் சுமந்தவருக்குப் பத்தாயிரம். இதற்கு என்ன பதில்?

தம்பலகாமத்தான் | வியாழன், காலை 10.40

பதில் ஒன்றுமில்லை. நீங்களே எழுந்து குறுக்கு விசாரணை செய்யுங்கள். முதல் தடவை குரல் நடுங்கும்.

கணக்குப்பிள்ளை | வியாழன், மதியம் 12.30

நான் லோயர் இல்லை, கணக்காளர். 110,000 சம்பளத்தைத் தனித்தொழிலோடு ஒப்பிடுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். நிறுவனம் ஈபிஎஃப்புக்கு 12 வீதமும் ஈடிஎஃப்புக்கு (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதமும் மேலதிகமாகப் போடும். ஆகவே அது உண்மையில் 126,500. தனியாகச் செய்பவருக்கு ஓய்வுகாலம் என்று ஒரு சதமும் இல்லை. வரி இரண்டிலும் இப்போதைக்குப் பெரிதாகத் தொடாது, 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 லட்சம் வரை விலக்கு. ஆனால் வங்கி போன்ற இடங்களுக்கு உறுதி, தேடல் அறிக்கை செய்தால் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் போகும் கொடுப்பனவில் 5 வீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அந்தச் சான்றிதழை வாங்கி வையுங்கள். வரி கட்ட வேண்டியது குறைவு என்றால் திருப்பிக் கேட்கலாம்.

முன்னாள்ஜூனியர் | வியாழன், மதியம் 12.41

126,500. கேட்டீர்களா தங்கச்சி?

ஆற்றங்கரை | வியாழன், மதியம் 1.05

கொழும்பில் அறை வாடகையும் சாப்பாடும் கழித்துவிட்டு அந்த எண்ணை மறுபடி சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் ஏறி, ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை அரைத் தூக்கத்தில் டெஸ்க்கில் உட்காருவதையும் கழியுங்கள். நீதிபதியாக நீதிச் சேவைப் பரீட்சை எழுதும் எண்ணம் இருந்தால் அதையும் யோசியுங்கள், அங்கே நீதிமன்றத்தில் தொழில் செய்த அனுபவம் கேட்பார்கள். நிறுவனத்துக் கடிதம் எழுதிய அனுபவம் உதவாது.

கச்சேரியடி | வியாழன், இரவு 7.50

தனியாகப் போனால் கட்சிக்காரரைப் பிடிப்பது எப்படி? முச்சக்கர வண்டிக்காரர், பொலிஸ் வாசலில் நிற்பவர் என்று சிலர் ஆள் வைத்திருக்கிறார்களே. பேஸ்புக்கில் விளம்பரம் போட்டால்?

பழையகோப்பு | வியாழன், இரவு 9.00

இரண்டும் வேண்டாம். 1988ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற ஒழுக்க விதிகள் இரண்டையும் தடுக்கின்றன. தரகர் கொண்டு வரும் கட்சிக்காரர் தரகருக்குத்தான் சொந்தம், நாளை வேறு அறையில் இருப்பார். புதுக்கோட்டு, உங்கள் பெயர்ப்பலகை, கோயில் திருவிழா, அம்மாவின் பழக்கம், இவ்வளவுதான் விளம்பரம். பெயர்ப்பலகையைக் கொஞ்சம் உயர மாட்டுங்கள். எங்கள் தெருவில் மான்கள் வந்து உரசி என்னுடையது இரண்டு தடவை கழன்று விழுந்துவிட்டது.

புதுக்கோட்டு | வெள்ளி, இரவு 10.15

எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். மான் கதைக்கு மட்டும் சிரித்தார்.

இன்று சீனியரிடம் நேரே கேட்டுவிட்டேன். "விலகிப் போக வேண்டாம், காலையில் என்னுடன் நில், பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு முன்னறையை நீ எடுத்துக்கொள், உறுதியும் 66உம் உன்னுடையது, வாடகைக்கு 6,000 கொடு" என்றார். பதினொரு மாதம் கேட்காமல் இருந்தது என் பிழையா என்று தெரியவில்லை. நானும் 14ஆம் திகதி இரவு பட்டியல் எழுதும் ஆட்களில் ஒருத்தி ஆகப்போகிறேன் போல.

முன்னாள்ஜூனியர் அண்ணா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டில் வாத்தியார் சம்பளமும் இல்லை, கச்சேரிச் சம்பளமும் இல்லை. அம்மாவின் தையல் மட்டும்தான். அதனால் ஒரு வருடம் என்று வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு இதே மாதம் கையில் மாதம் 50,000 நிற்காவிட்டால் உங்களிடம்தான் வேலை கேட்டு வருவேன். கொழும்புக்கு இன்றே பதில் அனுப்பிவிட்டேன்.

ராத்தா, ஒரு கேள்வி. காணிப் பதிவகத்தில் தேடலுக்குக் காலையில் எத்தனை மணிக்குப் போனால் வரிசை குறைவு?

ஆற்றங்கரை | வெள்ளி, இரவு 10.31

எட்டரைக்கு வாசலில் நில்லுங்கள். பொதுமக்கள் தினத்தில் போகாதீர்கள், அன்றைக்கு எல்லா அலுவலகத்திலும் சனம். சொந்தப் பேனை கொண்டு போங்கள்.